இருபத்தைந்து சாரன் நீளம்

மச்சான்,

நேற்றுப் பின்வளவு அறையின் பழைய கூரை மரங்களை இறக்கினோம். வளை மரத்து ஆணியில் தொங்கிய ஒரு சுருளை மேசன் கீழே எறிந்து, "இதென்ன காக்கா, நூலா வயரா?" என்று என்னைக் கேட்டார். எடுத்து மூக்கில் வைத்தேன். முதலில் தூசி, பிறகு அடுப்புப் புகை. அதற்கும் அடியில், நுனியில் நீ ஒட்டிவிட்ட இடத்தில், உன் கடையின் உருகிய ஈயம் மணந்தது. உண்மையாகவே மணந்ததா, எனக்குத்தான் அப்படி இருந்ததா தெரியாது. "நூலும்தான், வயரும்தான்" என்று மேசனுக்குச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறினார்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். "வாப்பா, மௌத்தான ஆளுக்கு இத எந்தத் தபால்ல போடுற?" என்று சிரிக்கிறாள். நீ எழுது புள்ள, செத்துப்போனாலும் அவன் எங்கேயாவது இருந்து ஒரு கம்பியை இழுத்துக் கேட்டுக்கொள்வான் என்று சொல்லியிருக்கிறேன்.

நினைவிருக்கிறதா, மாமா, என் மனைவியின் வாப்பா, மௌத்தான வருடம்? எண்பதுகளின் தொடக்கம். என் மனைவியின் தம்பி சவூதிக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மையித்தை அடக்கிவிட்டு வந்த கையோடு தந்தி கொடுக்க நான்தான் ஓடினேன். தகரப் பெட்டியில் அவன் அனுப்பிய கடிதங்கள் இருந்தன. எல்லாவற்றின் ஓரத்திலும் அதே சிவப்பும் நீலமும். மேலே கிடந்த உறையை எடுத்துக்கொண்டு போனேன். தபால் கந்தோரில் அதைப் பார்த்துத்தான் விலாசம் எழுதினார்கள். அது அவன் பழைய வேலைத்தலத்தின் விலாசம். புதிய உறை அடியில் கிடந்தது. எனக்கு இரண்டும் ஒன்றுதான். தந்தி அலைந்து திரிந்து அவன் கையில் சேரப் பதினொரு நாள் ஆயிற்று. தன் வாப்பா கபுறுக்குள், மண்ணுக்குள் போனது தெரியாமல் அவன் அங்கே பதினொரு நாள் சிரித்துக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருந்திருக்கிறான். உறை மாறியதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். மாமியிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஆறு கிழமைக்குப் பிறகு, சவூதியிலிருந்து லீவில் வந்த ஒலுவில் ஊர் ஆள் ஒருவர் கசெட் ஒன்று கொண்டுவந்து தந்தார். அவன் பேச்சுப் பிடித்து அனுப்பியிருந்தான். மாமி அப்போது இத்தாவில். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் பின்வளவு அறைக்குள் இருந்தார். முன்வீட்டில் என் தறி; நூல்காரரும் நான் நெய்கிற சாரன், கைலி எடுக்க வருபவர்களும் வந்துகொண்டே இருப்பார்கள், அதனால் அவர் பின்னால். கசெட் போடுகிற ரேடியோ செட்டோ முன்வீட்டு அலுமாரியின் மேல், பூப்பின்னல் துணி மூடிக்கொண்டு. பற்றரி போடும் இடம் கசிந்து பச்சை பூத்துப்போய், கரண்டில் மட்டும்தான் ஓடும். பின் அறைக்குக் கரண்ட் இல்லை. மாமிக்கு வலது காது அறவே கேட்காது. இடது காது பாதி.

"சத்தமாப் போடுங்க, இஞ்ச இருந்தே கேக்கன்" என்று மாமி சொல்லிவிட, கதவுகளை எல்லாம் திறந்து, சத்தத் திருகியை முடிகிற மட்டும் திருகினோம். ஒழுங்கை, தெரு எல்லாம் அதிர்ந்தது. வேலிக்கு வெளியே சனம் சேர்ந்துவிட்டது. செட்டில் அவன் ஸலாம் சொன்னான். குரல் உடைந்திருந்தது. "உம்மா, வாப்பாட செய்தி எனக்குப் பதினொரு நாள் கழிச்சித்தான் கிடைச்சிச்சி" என்றான். கொஞ்சம் நிறுத்தினான். "இனிச் சொல்றத உம்மா மட்டும் கேளுங்க. மத்த ஆக்கள் செட்ட நிப்பாட்டுங்க."

என் மனைவி பாய்ந்து 'டக்'கென்று அமத்தினாள். வேலிக்கு அப்பால் இருந்து அடுத்த வீட்டு ராத்தா, "அடியே, ஏன் நிப்பாட்டின? நல்லாத்தானே போகுது!" என்று கத்தினார். பின் அறையிலிருந்து மாமி, "பதினொண்டு எண்டு மட்டும்தான் விளங்கிச்சி. என்ன பதினொண்டு?" என்று கேட்டார். நான் தறிக்குப் போய்ப் பலகையில் உட்கார்ந்தேன். உம்மா மட்டும் கேட்க வேண்டியது என்ன? என்னைப் பற்றித்தானே இருக்கும்?

சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கல்முனைக்கு உன் கடைக்கு வந்தேன். வயிறு திறந்த ரேடியோக்கள் நடுவே, தலையில் அந்தப் பெரிய கறுப்பு ஹெட்போனுடன் நீ இருந்தாய். இரண்டு சிரட்டையைக் காதில் கவிழ்த்த மாதிரி. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, அதைக் கழற்றி என் மடியில் வைத்தாய்.

"இத உம்மாட தலையில போடு. செட் அங்கயே இருக்கட்டும். பேச்சு மட்டும் போகட்டும்."

"கரண்டையே பின்னுக்கு இழுத்தா என்ன?"

"கிடுகு ஓலைக் கூரைக்குள்ள கரண்டா? விசர்க் கதை கதைக்காத. இந்தக் கம்பியால பேச்சு மட்டும்தான் போகும், பேச்சு நெருப்புப் பிடிக்காது." பிறகு கேட்டாய்: "எவ்வளவு தூரம்?"

நான் வீட்டுக்குத் திரும்பி அளந்தேன். எனக்குத் தெரிந்த அளவு சாரன்தான். ஒரு சாரனை மண்ணில் விரித்து விரித்து, அலுமாரியிலிருந்து முற்றம், கிணற்றடி, முருங்கை, வேலியோரம் என்று அறை வரை போனேன். இருபத்திரண்டு. மரத்தில் ஏறி இறங்க மூன்று. மறுநாள் ஹாட்வெயார் கடையில் நின்று, "இருபத்தஞ்சு சாரன் வயர் தாங்க" என்றேன். கடைக்காரர், "சாரன் கடை அடுத்த பக்கம் காக்கா" என்றார்.

விளக்குக்குப் போடுகிற, இரண்டு பிரி முறுக்கின தடித்த வயர் என்று நீ படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினாய். அதுவும் அங்கே இருந்தது. ஒரு பிரி சிவப்பு, ஒரு பிரி கறுப்பு. பளீரென்ற சிவப்பு, கலியாண வீட்டுச் சிவப்பு. அதைத் தொட்ட கையை எடுத்துவிட்டேன். மாமியின் அறையில் சிவப்புக் கரை போட்ட பாய்கூட இல்லை. என் மனைவி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெள்ளையாக ஆக்கியிருந்தாள். அதற்குள் இந்தச் சிவப்பை எப்படிக் கொண்டுபோவது? பக்கத்தில் ஒரு சுருள் வெள்ளை வயர் இருந்தது. மெல்லிசு, அழகு, இழை எண்பதாம் நம்பர் பொடி நூல் மாதிரி. அதையே வெட்டி வாங்கிக்கொண்டு பெருமையாக உன்னிடம் வந்தேன்.

நீ இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பார்த்தாய்.

"மச்சான், இது வாசல் மணிக்குப் போடுற வயர்."

"வெள்ளைதானே?"

"வெள்ளைதான். அதால என்ன?"

"மாமி இத்தாவில."

வேறு ஆள் என்றால் சிரித்திருப்பான். நீ சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்தாய். "சரி, கேட்டுப் பாப்பம்" என்று முழுச் சுருளையும் தரையில் விட்டு, ஒரு முனையைக் கடை ரேடியோவிலும் மறு முனையை ஹெட்போனிலும் கொடுத்து என் தலையில் மாட்டினாய். மூடின நெருப்புப் பெட்டிக்குள் வண்டு கிடந்து முனகுகிற மாதிரி ஏதோ கேட்டது. எனக்கே இப்படி என்றால் மாமியின் பாதிக் காதுக்கு என்ன கேட்கும்?

"உன்ட ஆக்கள் வட்டையில வேளாண்மை செய்றதுதானே? வாய்க்கால் ஒடுக்கமா இருந்தா கடைசி வயலுக்குத் தண்ணி போகுமா?" என்று கேட்டாய்.

"போகாது. வழியிலயே குடிச்சிரும்."

"ஓம். இந்த மெல்லிசுக் கம்பி வழியிலயே பேச்சக் குடிக்குது. கிட்ட எண்டாப் பரவாயில்ல. நீ இருபத்தஞ்சு சாரன் தூரம் கொண்டுபோகப் போறாய்."

நான் விடவில்லை. ஒலிபெருக்கிக்காரர்கள் வைத்திருக்கும் கறுப்பு மைக் வயர் உன் மேசைக்கு அடியில் கிடந்தது. நல்ல மொத்தம், விரல் தடிப்பு. அதைக் காட்டினேன். நீ அதன் நுனியைச் சீவி எனக்குக் காட்டினாய். மேலே ரப்பர், அதற்குள் பின்னின கம்பிவலை, அதற்கும் உள்ளே ஒரு சின்ன நரம்பு. "இது மைக்குக்கு. மைக்கில இருந்து வாறது பூனைக்குட்டிச் சத்தம். வெளி இரைச்சல் அதுக்குள்ள பூராம இருக்கத்தான் இந்தச் சட்டையெல்லாம். செட்டில இருந்து ஹெட்போனுக்குப் போறது வளந்த சத்தம். அதுக்குச் சட்டை வேண்டாம், சதை வேணும். பாக்க மொத்தமா இருந்தாப் போதுமா? உள்ளுக்குச் செம்பு எவ்வளவு எண்டு பார்." அன்றைக்குப் படித்தது, மச்சான். இன்றைக்கும் எந்த வயரையும் நுனியைச் சீவிப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை.

ஆக, சிவப்பும் கறுப்பும்தான் என்று ஆயிற்று. என் முகம் சுருங்கியதைப் பார்த்து நீதான் கேட்டாய்: "நீ நெசவுகாரன்தானே? உன்னட்ட இல்லாத வெள்ளையா?"

அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு நீயே எங்கள் மருதமுனைக்கு வந்துவிட்டாய். ஒழுங்கையின் ஒரு தலையில் பூவரச மரம், மறு தலையில் விளக்குக் கம்பம். இரண்டுக்கும் நடுவே வயரைத் தறிக்குப் பாவு நூல் இழுக்கிற மாதிரி இழுத்துக் கட்டினோம். நீ வயரை முறுக்காமல் பிடிக்க, நான் வெள்ளை நூல் உருண்டையை மேலும் கீழுமாகக் கொடுத்துச் சுற்றிக்கொண்டே மூன்று நாள் நடந்தேன். நூல் பிரியாமல் இருக்கக் கஞ்சியும் போட்டேன்.

"நூல் சுத்தினா சத்தம் குறையாதா?" என்று கேட்டேன்.

"போர்வ போத்தினா ஆள் கதைக்க மாட்டானா? சுத்து மச்சான்."

போகிற வருகிற நெசவுகாரர் எல்லோரும் சைக்கிளை நிறுத்தினார்கள். "என்ன, ஒத்த இழையில பாவா?" "ஆருக்குச் சாரன்? ஓணானுக்கா?" நீ முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "கொழும்பு முதலாளிட ஓடர்" என்றாய். இரண்டு பேர் நம்பிவிட்டார்கள். அதில் ஒருவர் ஒரு மாதத்துக்குப் பிறகும் அந்தக் கொழும்பு முதலாளி யார் என்று என்னைக் கேட்டார்.

வயரை மரத்தோடு கொண்டுபோனது, நுனிக்கு ஈயம் வைத்தது எல்லாம் நீ. ஆனால் அறைக்குள் நீ போக முடியாது. மருமகன் ஆனதால் நான் போகலாம். கிடுகுச் சுவருக்கு வெளியே, முதுகைத் திருப்பிக்கொண்டு நீ நின்று சொன்னாய்: "உம்மா, நீங்க கேக்கிற காது எது? கேக்காத காதின்ட வயரக் கழட்டி விடுறன். ஒரு காதுக்கெண்டா எல்லாச் சத்தமும் அங்கயே போகும்."

அதை நான் மாமியின் இடது காதுக்குள் திருப்பிச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "வேணாம் மனே. கேக்காத காதுக்கும் போடச் சொல்லு. மகன் கதைக்கக்குள்ள அது மட்டும் என்னத்துக்குச் சும்மா இரிக்கிற?"

வெளியே நீ சத்தம் போட்டுச் சிரித்தது கேட்டது. "சரி உம்மா. ரெண்டு காதுக்கும் ஒரே மகன்!"

பிறகுதான் மாமி வயரைக் கையில் எடுத்துப் பார்த்தார். நூலை நகத்தால் தடவினார். ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரு நகக்கண் அளவு சிவப்புத் தெரிந்தது. "இதென்ன, சட்டையெல்லாம் போட்டு?" என்றார். உள்ளே சிவப்பு, இத்தா அறைக்குள் வருவது சரியில்லை என்றுதான் வெள்ளை சுற்றினேன் என்று சொன்னேன். மாமி என்னைப் பார்த்தார், வயரைப் பார்த்தார்.

"இத்தா எனக்கா, கம்பிக்காடா மனே?"

என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மாமா போனதற்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்தார். முக்காட்டை வாயில் அமத்திக்கொண்டு, தோள் குலுங்க. கிணற்றடியில் நின்ற என் மனைவி அந்தச் சத்தத்தைக் கேட்டு வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டாள். அந்த வாளியை எடுக்க நாம் பட்ட பாட்டை மகளிடம் சொல்ல மாட்டேன், கடிதம் நீண்டுவிடும்.

கசெட்டுக்கு முன்னால் சோதித்துப் பார்க்க ரேடியோச் செய்தியைப் போட்டோம். மாமி முக்காட்டுக்கு மேலே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "ஆ! வாறாரு, வாறாரு!" என்று கத்தினார். காது அடைபட்டதால் தன் குரல் அவருக்கே கேட்கவில்லை. "மழையாம்! கேட்டிங்களா, நாளைக்கு மழையாம்!" அடுத்த வீட்டு ராத்தா காயப்போட்ட நெல்லை அள்ள ஓடினார்.

அப்போதே நமக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், இல்லையா? வரவில்லை.

ளுஹர் தொழுகைக்குப் பிறகு கசெட்டைப் போட்டாய். ஹெட்போன் குத்தியைச் செருகினால் செட்டின் வாய் அடைபட்டுவிடும். நிறுத்துவதற்கு வெற்றிலை துப்பும் பித்தளைப் படிக்கத்தில் ஒரு தட்டு, திரும்பப் போட இரண்டு தட்டு என்று மாமியோடு பேசி வைத்திருந்தோம். நீயும் நானும் செட்டுக்கு முன்னால் நின்றோம். நாடா சுற்றியது. ஒரு சத்தமும் இல்லை. அந்த நாடாவுக்குள் என் பெயர் இருக்கிறது, அது என் கண்முன்னால் சுற்றிக்கொண்டு போகிறது, எனக்குக் கேட்கவில்லை.

"மச்சான், அந்தக் குத்தியக் கொஞ்சம் இழுத்தா இஞ்சயும் கேக்கும்தானே? ஒரு சொட்டு நேரம்."

"கேக்கும். இழுக்கிறதெண்டா நீ இழு. நான் இழுக்க மாட்டன்."

கையை நீட்டினேன். குத்தியைத் தொட்டும்விட்டேன். நீ என் கையைப் பிடிக்கவில்லை. வேறு பக்கம் திரும்பி, "மூணு நாள் நூல் சுத்தினாய்" என்று மட்டும் சொன்னாய். கையை எடுத்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் பின் அறையிலிருந்து மாமியின் குரல் வந்தது. மகனுக்குப் பதில் சொல்கிறார்! ஹெட்போனோடு, ஒழுங்கை முழுக்கக் கேட்க. "ஓம் மனே... ஓம்... நானும் நல்லா இரிக்கன்... வாப்பா கடைசியா உன்னத்தான் கேட்டாரு மனே..." வேலிக்கு அப்பால் ராத்தாவும் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். மகன் சொன்னது ஒருவருக்கும் தெரியாது. உம்மா சொன்னது வேலிக்கு வெளியே நின்ற எல்லோருக்கும் கேட்டது. உன் முகத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து சாரன் வயர் இழுத்து நாம் ஒரு பக்கத்தைத்தான் மூடியிருக்கிறோம்.

நாடா மட்டும் சுற்றியது. பிறகு, முன்னையதைவிடச் சத்தமாக:

"அப்பிடிச் சொல்லாத மனே! அவன் வேணுமெண்டு செய்யல்ல. அவனுக்கு எழுத்துத் தெரியாது, அவன் என்ன செய்ற? உன்ட வாப்பாவக் கழுவி, தூக்கி, கபுறுக்குள்ள இறங்கி வெச்சவன் அவன்தான். விட்டிரு மனே. விட்டிரு."

நீ சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, செட்டின் பின்பக்கத்தில் ஏற்கெனவே இறுகியிருந்த ஆணி ஒன்றை இறுக்கத் தொடங்கினாய். வேலிப் பக்கம் திரும்பினேன். ராத்தா தலையைக் குனிந்து நிலத்தில் எதையோ தேடுகிற மாதிரிப் போய்க்கொண்டிருந்தார். அந்த மனுசி ஊரில் ஒரு கதையையும் விட்டுவைக்காதவர். அந்தக் கதையை மட்டும் கடைசி வரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

படிக்கம் ஒரு தரம் ஒலித்தது. நீ நிறுத்தினாய். நான் அறைக்குப் போனேன். மாமி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கண் ஈரம், முகம் தெளிவு.

"மாமி, என்னப் பத்தி ஏதும் சொன்னானா?"

தான் கத்தியது அவருக்குத் தெரியாது. என்னைக் கூர்ந்து பார்த்தார். மெதுவாகத் தன் வலது காதைத் தொட்டுக் காட்டினார்.

"உன்னப் பத்தினது இந்தப் பக்கத்தால வந்திச்சி மனே. இந்தக் காதுதான் கேக்காதே."

நான் வெளியே வந்து உன்னிடம் அப்படியே சொன்னேன். நீ சைக்கிளின் தாங்கியைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாய். "ரெண்டு காதுக்கும் ஒரே வயர்தான் மச்சான். நான்தானே ஒட்டினன்" என்றாய். மிதித்துக்கொண்டு போய்விட்டாய். ஹெட்போனைத் திருப்பிக் கேட்கவே இல்லை. கடைசி வரை கேட்கவில்லை. இத்தா முடிந்த பிறகும் மாமி அதே அறையில், அதே வயரில், மகனின் கசெட்டுகளைக் கேட்டார். அவன் பிறகு லீவில் வந்தபோது என்னைக் கட்டிப்பிடித்தான். தந்தியைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பின்னால், கலவரத்தில், உன் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவே ரோட்டில் போக முடியாத நாட்களும் வந்தன. அதை இன்றைக்கு நான் எடுக்கவில்லை. அது முடிந்து முதல் நாள் நான் கடை வாசலுக்கு வந்தபோது நீ கேட்டது நினைவிருக்கிறது: "என்ன மச்சான், கொழும்பு ஓடர் வந்திட்டா?"

வயரை எறியச் சொன்னார்கள். நான் விடவில்லை. நூலைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பு அப்படியே கலியாணச் சிவப்பாகக் கிடக்கிறது. எனக்கும் இப்போது ஒரு காது போய்விட்டது, அதுவும் வலது. மருந்து, மெஷின் என்று மகள் சொல்கிறாள். இடது காதுக்கு வேண்டுமானால் மாட்டு, வலதை விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் ஆராவது ஆரைப் பற்றியாவது குறை சொல்லத் தொடங்கினால் நான் மெல்லக் கிறுகி, திரும்பி, வலது பக்கத்தைக் கொடுக்கிறேன். இடது காதில் முழுவதும் கேட்கிறது, மச்சான். மறுகா, குறை சொல்லப்பட்ட ஆள் வந்து என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்டால் அந்தக் காதைத் தொட்டுக் காட்டுகிறேன்.